“இங்கேயே நோயாளிகள் இல்லையாம்மா?”

கேள்வி: எனக்கு 61 வயது. அரசு மருத்துவமனையில் 34 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். அதில் 20 வருடம் பிரசவ வார்டுதான். கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. மிஷனரி ஞாயிறன்று எங்கள் சபைக்கு வந்த ஒருவர் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமங்களைப் பற்றிப் பேசினார். ஆண்டவர் என்னை அங்கே அழைக்கிறார் என்ற எண்ணம் அன்றிலிருந்து விடவே மாட்டேன் என்கிறது. மகனோ, “சேவை செய்ய இங்கேயே நோயாளிகள் இல்லையாம்மா?” என்று கோபப்படுகிறான். மருமகளுக்கு இது ஐந்தாவது மாதம். பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன், மற்றபடி திடமாகத்தான் இருக்கிறேன். போகலாமா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: சிஸ்டர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆண்டவர் அழைத்தார் என்கிறீர்கள், சரி. அந்த ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி ஏதாவது உங்களை அழைத்திருக்கிறதா? கடிதத்தில் அதைக் காணோம்.

நக்கலாகக் கேட்கவில்லை. நானும் இப்படிக் கிளம்பினவள்தான். நர்சிங் டியூட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 58 வயதில், மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு வருடம் இருந்தேன். போகும்போது மனதில் என்ன இருந்தது தெரியுமா? பாவம், அங்கே யாருமில்லை, நான்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு. அது உடைந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

ஜனவரி மாதம், நல்ல மழை. மலேரியா உச்சத்தில் இருக்கும் காலம். குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். மூன்று வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா முதுகில் துணியால் கட்டித் தூக்கி வந்தாள். வலிப்பு வந்து நின்றிருந்தது, கை கால் சில்லென்று இருந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் டிரிப் போட்டு, அது வேகமாக இறங்கட்டும் என்று குழாயில் இருக்கும் ரோலரை முழுசாகத் திறக்கப் போனேன். டியூட்டியில் இருந்த 24 வயதுப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அகோகோ, பங்கோனோ பங்கோனோ” என்றாள். அகோகோ என்றால் பாட்டி. பங்கோனோ பங்கோனோ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. பையனின் உள்ளங்கையை விரித்துத் தன் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவன் கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மலேரியா ரத்தத்தைத் தின்றுவிட்டிருந்தது. அவனுக்கு வேண்டியது ரத்தம். அந்த நிலையில் தண்ணீரை மளமளவென்று ஏற்றினால் ஆபத்து.

கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டிருந்தார்கள். கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த பிள்ளைகளில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் ஏழு சொச்சம். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. பையனுக்கு அவன் மாமா ரத்தம் கொடுத்தார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மக்காச்சோள மாவில் கிண்டிய களியைச் சாப்பிட்டான். அதை அங்கே என்சிமா என்பார்கள்.

அங்கே ஆள் குறைவு, மருந்து குறைவு, ராத்திரி கரண்ட் இருக்காது. கையுறை தீர்ந்துபோன வாரங்கள் உண்டு. ஆனால் ஆளே இல்லாத இடமில்லை. கிராமத்துக் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிகள் பலவும் 1966இல் தொடங்கிய மலாவி கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தில் இருப்பவை. அவர்களே நர்சிங் கல்லூரிகளும் நடத்துகிறார்கள். ஊழியம் என்று நீங்கள் சுவிசேஷம் சொல்வதையும் சேர்த்து நினைத்திருந்தால், அவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். காலையில் வார்டுக்குப் போகும் முன் அவர்கள் நான்கு குரலில் பாடுவதைக் கேட்டபின், நம் சபைப் பாடகர் குழுவைப் பற்றி நான் பெருமை பேசுவதே இல்லை.

அதனால், சபைக்கு வந்து பேசியவரிடம் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அங்கே மேட்ரனுக்கு, அதாவது தலைமை நர்ஸுக்கு, நீங்களே எழுதுங்கள். “20 வருடப் பிரசவ வார்டு அனுபவம் இருக்கிறது. மூன்று மாதம் வர முடியும். உங்களுக்கு எதற்கு ஆள் வேண்டும்?” என்று கேட்டால் போதும். பிரசவ அறையில் இன்னொரு ஜோடி கை வேண்டும் என்று அவர் சொல்லலாம். அதைவிட, அழாமல் பிறந்த பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை முகத்தில் எப்படிப் பொருத்துவது, பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காவிட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் என்னென்ன செய்வது என்று மாணவிகளின் கையைப் பிடித்துப் பழக்க ஆள் கேட்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் 20 வருடத்துக்கு உண்மையான விலை அங்கேதான். வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ‘அகோகோ’ என்று கூப்பிடுவது மரியாதை. பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார் இளம் நர்ஸிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வாள்.

பதிவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே நோயாளியைத் தொட வேண்டுமானால் மலாவியின் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நம் கவுன்சிலிலிருந்து சான்று போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். “அதெல்லாம் வேண்டாம், டூரிஸ்ட் விசாவில் வாங்க, பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால், அந்த ஆளோடு போகாதீர்கள். மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்க இளம்பெண், ஆண்டவர் அழைத்தார் என்று உகாண்டாவின் ஜின்ஜாவுக்குப் போய், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மையம் நடத்தினார். அங்கே நூறு குழந்தைகளுக்கு மேல் இறந்தார்கள். 2019இல் இரண்டு தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். அவர் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு மறு வருடம் சமரசத்தில் முடிந்தது. அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் உடம்பு விஷயம். விமானம் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத்தான் போகும். இரண்டுமே மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் இருப்பவை. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடக்கூடும். ஆனால் 60 வயதுக்கு மேல் அந்த ஊசியில் கடுமையான பக்கவிளைவு வருவதற்கான வாய்ப்பு கூடுதல். டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை கட்டாயம், உங்கள் பிரஷர் மாத்திரையோடு எது ஒத்துப்போகும் என்றும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கான பிரஷர் மாத்திரையை இங்கிருந்தே கொண்டுபோங்கள். அப்புறம், நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அது அந்த ஆஸ்பத்திரியில் கையிருப்பு இருக்கிறதா என்று மேட்ரனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பென்ஷன் நேர்காணலையும் முடித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அங்கே உட்கார்ந்து கருவூலத்துக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

மகனுக்கு வருவோம். இங்கேயே நோயாளிகள் இல்லையா என்ற அவருடைய கேள்விக்கு ஆயிரம் பதில் சொல்லலாம். அவர் கேட்பது அதுவா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அப்பா இல்லாத வீட்டில், தன் மனைவியின் முதல் பிரசவ நேரத்தில் அம்மா எங்கே இருப்பாள் என்று கேட்கிறார். முதல் பிரசவம் என்று நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். அவரிடம் “ஆண்டவர் சொன்னார்” என்று சொல்லாதீர்கள். அதற்கு மேல் ஒரு பிள்ளை எதைப் பேச முடியும்? வாயடைத்து நிற்பார், உள்ளே கசப்பு ஏறும். “குழந்தை பிறந்து தலை நின்ற பிறகுதான் போவேன், மூன்றே மாதம், இன்ன தேதியில் திரும்புவேன்” என்று சொல்லிப் பாருங்கள். எப்படியும் காகித வேலை முடிய அத்தனை நாள் ஆகும். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும் என்பதால் முதல் தடவைக்கு மே, ஜூன் நல்லது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று போய் ஜூன் மாதத்தில் நடுங்கினேன்.

அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் உங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை பாருங்கள். மகனுக்காக இல்லை. 26 வயது டியூட்டி நர்ஸ் “சிஸ்டர், இதை இப்படிச் செய்யாதீங்க” என்று சொல்லும்போது உங்களுக்குச் சுருக்கென்று வருகிறதா என்று பார்க்கத்தான்.

மேட்ரனிடமிருந்து பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். டார்ச் வாங்கினால் தலையில் மாட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தையல் போட்டே என் முன்பல் ஒன்று ஆடிப்போனது.