ஊர்ப் பாடகர் குழுவுக்கு நடத்துநர் ஒருவர் போதுமா?

கேள்வி: மட்டக்களப்பு நகரில், கோயில், தேவாலயம், பாடசாலை எதையும் சாராமல் 30 பேர் அளவில் ஒரு பாடகர் குழு தொடங்கப் போகிறோம். சங்கீத ஆசிரியர் ஒருவர் நடத்துநராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். அவர் ஒருவரே போதுமா? வேறு யார் யார் வேண்டும்?

பதில்: போதாது. நடத்துநர், உதவி நடத்துநர், கீபோட் வாசிப்பவர், ஒவ்வொரு குரற்பகுதிக்கும் (ஒரே மெட்டைச் சேர்ந்து பாடும் பிரிவுக்கும்) ஒரு பகுதித் தலைவர், செயலாளர், பொருளாளர், பாட்டுத்தாள் பொறுப்பாளர். நான்கு குரற்பகுதி என்றால் மொத்தம் பத்துப் பேர். உதவி நடத்துநரே ஒரு பகுதித் தலைவராகவும் இருக்கலாம். ஆனால் நடத்துநர் கையில் இடாப்பையும் காசுப் பெட்டியையும் கொடுக்காதீர்கள். ஊர்க் குழுக்கள் கலைவதற்கு அதுவும் ஒரு காரணம். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரியில் (கூத்து மேடையில்) நிற்கும்போது சல்லரிக்கு (கைத்தாளத்துக்கு) ஒருவர், பிற்பாட்டுக்குச் சிலர், கொப்பி பார்த்து வரி எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். பந்தலுக்கும் செலவுக்கும் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நடத்துநரின் முதல் வேலை கேட்பது. கூடவே சேர்ந்து பாடுகிறவருக்குத் தன் குரல்தான் கேட்கும், அல்ற்றோ (பெண்களின் கீழ்க்குரற்பகுதி) அரைச்சுரம் இறங்கியது கேட்காது. ஆகவே சொல்லிக் கொடுக்கும்போது பாடலாம், குழு பாடும்போது வாய் மூடியிருக்க வேண்டும். இரண்டாவது வேலை எடுப்பு, அதாவது பாட்டைத் தொடங்கி வைப்பது. நம் பாட்டுகள் பல சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கையில்) தொடங்குவதில்லை. அரை எண்ணிக்கை, ஒன்றரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கும். கர்நாடக சங்கீதம் படித்தவர் தொடையில் தாளம் போட்டுத் தனக்குள் எண்ணிக்கொள்வார், எதிரே நிற்கும் முப்பது பேருக்கு அது தெரியாது. வெற்று எண்ணிக்கையைக் கையால் தெளிவாகக் காட்டி, அதே வேகத்தில் தானும் மூச்சை இழுத்துக் காட்டினால் எல்லோரும் ஒன்றாக உள்ளே வருவார்கள். ஆதி தாளத்தை நாலு நாலாக இரண்டு முறை காட்டலாம். மிஸ்ர சாபுவுக்கு மூன்று, இரண்டு, இரண்டு. வலக்கை தாளத்துக்கு. இடக்கை சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும், முக்கியமாக வரி முடிவில் வெட்டவும்.

அந்த வெட்டு தமிழில் மிகவும் முக்கியம். ‘ல்’, ‘ள்’, ‘ன்’ என்று முடியும் சொற்களில் உயிரொலியைக் கடைசிவரை பிடித்துவிட்டு, கை மூடும்போது மெய்யை மூட வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் மூடினால் வரி சிதறும். குறில் நெடிலையும் பார்க்க வேண்டும். ‘மலை’ என்பதில் ‘ம’ நீண்ட சுரத்தில் விழுந்தால் சபைக்கு ‘மாலை’ என்று கேட்கும். அந்த நீட்டத்தை ‘லை’க்குத் தள்ளி மெட்டைச் சற்று மாற்றுங்கள், பொருளைக் கெடுக்காதீர்கள். சொல்லின் முதலில் வரும் ‘ச’வைப் பாதிப்பேர் அழுத்தியும் மீதிப்பேர் ‘ஸ’ என்றும் பாடுவார்கள். இரண்டில் எது என்று முதல் நாளே முடிவெடுத்துப் பாட்டுத்தாளில் எழுதிவிடுங்கள்.

சுருதியில்தான் சங்கீத ஆசிரியர்கள் வழமையாகத் தடுமாறுவார்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்கள் தனியே பாடும்போது ஐந்து கட்டை வசதி. அதே கட்டையில் ஆண்களையும் சேர்த்தால் மேல் ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) கத்துவார்கள், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி (ஏழு சுர வரிசை ஒன்று) இறங்கி முணுமுணுப்பார்கள். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடும் பாட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை பாதுகாப்பானது. மேல் ஷட்ஜம் இருபாலாருக்கும் எட்டும். மந்தர பஞ்சமத்துக்கு (கீழ் ஸ்தாயியின் ‘ப’வுக்கு)க் கீழே போகும் பாட்டென்றால் இன்னும் அரைக் கட்டை ஏற்றிப் பாருங்கள். பயிற்சியின் கடைசி அரை மணியில், அதுவும் சித்திரை வெக்கையில், குழு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கும். களைப்பு, ஆழமில்லாத மூச்சு, ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவது, இவைதான் காரணம். “சுருதி, சுருதி” என்று அதட்டிப் பயனில்லை. எழும்பி நிற்கச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றிப் பாருங்கள். பல தடவை அந்த மாற்றமே காதைத் திறந்துவிடும்.

கீபோட் வாசிப்பவருக்கு விரல் வேகத்தை விடப் பொறுமை தேவை. டெனர் (ஆண்களின் மேல்குரல்) பகுதியை மட்டும் பத்துத் தரம் வாசிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் வாசிக்க வேண்டும், கண் நடத்துநர் கையில் இருக்க வேண்டும். ராகப் பாட்டுகளுக்குப் பழக்கத்தில் கோட் (பல சுரங்களை ஒன்றாக அழுத்துவது) பிடிக்கக் கூடாது. மோகன ராகத்தில் மத்திமமும் (‘ம’) நிஷாதமும் (‘நி’) இல்லை. பஞ்சமத்தின் மேல் கோட் பிடித்தால் நிஷாதம் உள்ளே வந்துவிடும், ராகம் போய்விடும். அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு ஒரு பகுதி ஷட்ஜ பஞ்சமத்தைப் பிடித்து நிற்க, மற்றப் பகுதிகள் மாறிமாறிப் பதில் பாடுவது அழகாக வரும். கமகத்தையும் (சுரத்தை அசைத்துப் பாடுவதையும்) குறையுங்கள். முப்பது தொண்டை முப்பது விதமாக அசைந்தால் மிஞ்சுவது கலக்கம்தான். கரண்ட் போகும் நாளுக்காக 440 அதிர்வுச் சுருதிக்கவை (தட்டினால் ஒரே சுரத்தை ஒலிக்கும் உலோகக் கவை) ஒன்று நடத்துநர் பையில் கிடக்கட்டும்.

பகுதித் தலைவர்களைத் தெரிவு செய்யும்போது சத்தமாகப் பாடுகிறவரைப் போடாதீர்கள். சுரம் பிசகாதவரை, நேரத்துக்கு வருகிறவரைப் போடுங்கள். அவர் இரண்டாவது வரிசையின் நடுவில் நின்றால் முன்னாலும் பக்கத்திலும் இருப்பவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். தன் பகுதியின் வரவைக் குறிப்பதும், பகுதிப் பாட்டைப் பாடிப் பதிந்து வட்சப்பில் போடுவதும் அவர் வேலை. பதிவில் தன் பகுதி உரக்கவும் மற்றவை மெல்லவும் கேட்க வேண்டும். தனிப்பகுதியை மட்டும் கேட்டுப் பழகியவர் சேர்ந்து பாடும்போது பக்கத்துப் பகுதிக்கு வழுக்கிவிடுவார்.

ஆண்கள் பத்துப் பேருக்குக் குறைவென்றால் டெனர், பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) என்று பிரிக்க வேண்டாம். பயிற்சியில்லாத ஆண்குரல்களில் அதிகம் நடுத்தரக் குரல்கள்தான். அவர்களை டெனரில் நிறுத்தினால் தொண்டை இறுகிவிடும். சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), அல்ற்றோ, ஆண்குரல் என்று மூன்று பகுதியாக முதல் வருடத்தை ஓட்டலாம். பகுதித் தலைவர்களும் மூவர் போதும்.

செயலாளர் நாட்காட்டியோடு வாழ வேண்டியவர். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம், மார்கழியில் நத்தார். காத்தான்குடி, ஏறாவூரிலிருந்து ஆட்கள் வந்தால் நோன்பு மாதத்து மாலை நேரம் சரிவராது. மாணவர்களுக்குச் சாதாரண தர, உயர் தரப் பரீட்சைகள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, வெள்ளம். இவ்வளவையும் கழித்துவிட்டுத்தான் நிகழ்ச்சித் திகதி குறிக்க வேண்டும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் போதும்: பத்து நிமிடம் மூச்சும் குரலும், இருபது நிமிடம் பழைய பாட்டு, முப்பத்தைந்து நிமிடம் பகுதி பகுதியாகப் புதுப் பாட்டு, ஐந்து நிமிடம் தேத்தண்ணி, மீதி இருபது சேர்ந்து பாட. பகுதிகள் பிரிந்து பழக இரண்டாவது அறை ஒன்று இருக்கும் இடமாகப் பாருங்கள். கலைமன்றமாகப் பதிவதுபற்றிப் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் செயலாளரே போய்க் கதைக்கலாம்.

பொருளாளருக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகமும், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கும் போதும். பாட்டுத்தாள் பொறுப்பாளர் இலக்கமிட்ட கொப்பிகளை ஆட்களை விட மூன்று நான்கு கூடுதலாக வைத்திருக்கட்டும். எல்லோர் கையிலும் பென்சில் இருக்கட்டும், மூச்சு எடுக்கும் இடத்தைப் பேனையால் குறித்தால் பிறகு மாற்ற முடியாது.

மேடை நாளில் கெட்டுப்போவது அநேகமாக ஒலி. ஒலிபெருக்கிக்காரர் கையில் பிடிக்கும் மைக் நாலை முன்வரிசைக்குக் கொடுத்துவிடுவார், சபைக்கு நாலு குரல் மட்டும் கேட்கும். இரண்டு மைக்கை ஸ்டாண்டில், முன்வரிசைக்கு இரண்டு மூன்று அடி முன்னால், பின்வரிசைத் தலைமட்டத்துக்குச் சற்று மேலே வைக்கச் சொல்லுங்கள். எக்கோவை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டுத் தெரிந்த, ஆனால் அன்று பாடாத ஒருவர் ஒலி மிக்சர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாட்டுத்தாள் பொறுப்பாளர் அதற்குத் தோதான ஆள்.

உதவி நடத்துநரைக் கடைசியாகச் சொன்னாலும் முதலில் அவரைத்தான் தேடுங்கள். உங்கள் நடத்துநர் ஆசிரியர், இடமாற்றம் எப்போதும் வரலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு பாட்டை உதவி நடத்துநரே முழுக்கப் பழக்கி, மேடையிலும் அவரே நடத்தட்டும். அந்த நேரத்தில் நடத்துநர் தன் குரற்பகுதியில் போய் நின்று பாடட்டும்.