நிதிக் கணித முதுநிலைக்கு எந்த இரு விருப்பப் பாடங்கள்?

எண் கோட்பாடு, கோட்டுருவியல், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், மெஷர் தியரி (நீளம், பரப்பு, நிகழ்தகவு போன்ற அளவுகளைத் துல்லியமாக வரையறுக்கும் கணிதம்) ஆகிய நான்கில் இரண்டை மட்டுமே எடுக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தயங்காமல் எடுங்கள்; ஆப்ஷன்களின் (பங்கு போன்ற சொத்தை முன்பே குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) விலையைக் கணிக்க 1973இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சமன்பாடு, மாறிகளைத் தக்கவாறு மாற்றினால் இயற்பியலின் வெப்பச் சமன்பாடாகவே ஆகிவிடுவதால், இதில் பழகியவருக்கு ஆப்ஷன் விலை கணிப்பது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. மெஷர் தியரி கடினம்தான். எனினும் பிரௌனியன் இயக்கம் (தொடர்ச்சியான தற்செயல் அசைவு), மார்ட்டிங்கேல் (அடுத்த மதிப்பின் எதிர்பார்ப்பு இப்போதைய மதிப்பாகவே இருக்கும் தற்செயல் தொடர்), இட்டோ தொகையீடு (பிரௌனியன் இயக்கத்தைச் சார்ந்து செய்யும் தொகையீடு) ஆகியவற்றைப் பிழையின்றி வரையறுக்க அதுவே அடித்தளம் என்பதால், மெய்ப் பகுப்பாய்வில் நீங்கள் தடுமாறவில்லையெனில் அதையே இரண்டாவதாகக் கொள்ளலாம். எண் கோட்பாடு எனக்கும் பிடித்த பாடம், ஆனால் இத்துறையில் அதற்கு வேலை குறைவு. விடுமுறையில் பைத்தானில் மான்டி கார்லோ முறையால் (பல தற்செயல் மாதிரிகளை உருவாக்கிச் சராசரி காணும் முறை) ஓர் ஐரோப்பிய கால் ஆப்ஷனின் (முடிவு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய, வாங்கும் உரிமை) விலையைக் கணித்து, பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் தரும் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.