கணினி ஃப்ளைட் சிமுலேட்டரோடு இணைத்த ஆட்டோபைலட் பேனலில் ஏபி (ஆட்டோபைலட்) பட்டனை அழுத்தினால் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகிறது, திசையை அமைக்கும் ஹெட்டிங் குமிழும் கண்டபடி தாவுகிறது. பேனல் பழுதா, செட்டிங்கில் தப்பா?

ஸ்க்ரூ டிரைவரை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவசரப்பட்டுத் தொட்டவன் சொல்கிறேன்.

என்னிடமும் இதே கூத்துதான். ஏபி பட்டனை அழுத்தினால் விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். பட்டன் போய்விட்டது என்று முடிவு கட்டி, பேனலின் அடிமூடியைக் கழற்றித் துடைத்துப் பூட்டியதில் இரண்டு வார இறுதிகள் கரைந்தன. கடைசியில் பார்த்தால், அந்தப் பட்டனுக்குச் சிமுலேட்டரின் கன்ட்ரோல் பக்கத்தில் ஒரு கட்டளை, பேனலோடு வந்த மென்பொருளில் அதே கட்டளை இன்னொரு முறை. இரண்டுமே ‘டாகிள்’, அதாவது ஆனை ஆஃபாகவும் ஆஃபை ஆனாகவும் மாற்றுபவை. முதலாவது ஆன் செய்கிறது, இரண்டாவது ஆஃப் செய்கிறது. ஒன்றை நீக்கினேன், முடிந்தது. உங்கள் அறிகுறியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான். சிமுலேட்டரை அப்டேட் செய்த பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால் இன்னும் சந்தேகப்படுவேன். அப்டேட்டுக்குப் பின் சில நேரம் சிமுலேட்டரின் டீஃபால்ட் புரொஃபைல் (பட்டன்களுக்கான கட்டளைத் தொகுப்பு) தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சோதனை. பேனலின் யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கிவிட்டு, காக்பிட்டில் உள்ள ஏபி பட்டனை மவுஸால் கிளிக் செய்யுங்கள். அப்போதும் ஆஃப் ஆனால் பேனல் மேல் குற்றமே இல்லை. ஜாய்ஸ்டிக்கின் ஆக்சிஸ் நடுங்குகிறதா பாருங்கள். ஏ320 மாதிரியான சில விமானங்களில் சைட்ஸ்டிக் ஓர் அளவுக்கு மேல் அசைந்தால் ஏபி கழன்றுவிடும், நிஜ விமானத்தில் போலவே. கொஞ்சம் டெட்சோன் (சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வைத்தால் சரியாகும். யோக்கில் (விமான ஸ்டீயரிங் போன்ற கருவியில்) ‘ஏபி டிஸ்கனெக்ட்’ ஏதாவது ஸ்விட்சில் இருக்கிறதா என்றும் பாருங்கள். போட்ட நிலையிலேயே நிற்கும் ஸ்விட்ச் என்றால், விண்டோஸுக்கு அது விடாமல் அழுத்திய பட்டன்.

மவுஸில் ஒழுங்காக வேலை செய்தால் பேனல் பக்கம் வரலாம். சிமுலேட்டரை மூடிவிட்டு, விண்டோஸ் ஸ்டார்ட்டில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டி, பேனலைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். ஓர் அழுத்தலுக்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். அந்தப் பழைய ஜன்னல் 32 பட்டன்கள் வரைதான் காட்டும். 33வது பட்டனை அழுத்தி ஒன்றும் எரியவில்லை என்று பயந்துவிடாதீர்கள்.

குமிழுக்கும் இதே இடம்தான். ஹெட்டிங் குமிழ் பெரும்பாலும் ரோட்டரி என்கோடர். உள்ளே இரண்டு தொடுமுனைகள். எது முதலில் மாறுகிறது என்பதை வைத்துத்தான் வலமா இடமா என்று பேனல் தெரிந்துகொள்கிறது. வலம் ஒரு பட்டன் எண், இடம் இன்னொன்று. மெதுவாக வலப்பக்கம் 10 கிளிக் சுற்றி எண்ணுங்கள். நடுவே இடப்பக்க விளக்கு எட்டிப் பார்த்தால் தொடுமுனையில் அழுக்கு அல்லது தேய்மானம். இங்கே பத்தும் ஒழுங்காக எரிந்து, சிமுலேட்டரில் மட்டும் எண் தாவினால் மறுபடி இரட்டைக் கட்டளைதான். கிளிக்குக்கு 2 டிகிரி நகர்ந்தால் அதை உறுதி செய்துகொள்ளலாம். வேகமாகச் சுற்றும்போது மட்டும் 10 டிகிரி தாவுகிறது என்றால் அது பழுதே அல்ல. 180 டிகிரி திருப்ப விரல் தேயக் கூடாதே என்று பல மென்பொருள்களில் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், அணைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சரி, டீஃபால்ட் செஸ்னாவில் ஓடுகிறது, காசு கொடுத்து வாங்கிய விமானத்தில் மட்டும் ஓடவில்லை என்றால் கதை வேறு. அந்த விமானங்களில் பல, சிமுலேட்டரின் பொதுக் கட்டளைகளைக் கேட்பதில்லை. தங்களுக்கென்று தனி வேரியபிள்கள் வைத்திருக்கும். மொபிஃப்ளைட், ஸ்பாட்நெக்ஸ்ட் போன்ற இணைப்பு மென்பொருள்களை மக்கள் நாடுவது இதற்காகத்தான். ஏர்பஸ்ஸில் குமிழை உள்ளே தள்ளினால் மேனேஜ்ட் (விமானக் கணினி சொல்லும் வழி), வெளியே இழுத்தால் செலக்டட் (நீங்கள் வைத்த எண்). உங்கள் குமிழ் சுற்ற மட்டும் சுற்றும் என்றால், தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் வேறு பட்டன்களை ஒதுக்கியாக வேண்டும். செஸ்னா 172இல் ஆட்டோத்ராட்டில் (எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்வது) கிடையாது, அதற்கான பட்டனை எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் நடக்காது. தரையிறங்க ஏபிஆர் (அப்ரோச்) பட்டனை அழுத்தியும் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் ரேடியோ சிக்னலைப் பிடிக்கவில்லையா? ஜி1000 என்ற காக்பிட் திரையில் வழிகாட்டும் ஊசி மெஜந்தா நிறமாக இருந்தால் இன்னும் ஜிபிஎஸ்ஸில் இருக்கிறீர்கள். சிடிஐ பட்டனால் அந்த ஊசியின் மூலத்தை மாற்றிப் பச்சையாக்குங்கள்.

பறந்துகொண்டிருக்கும்போது பேனல் மொத்தமும் செத்துப்போனால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

என் குமிழுக்கு என்ன ஆயிற்று என்றால், பட்டன் விஷயத்தில் சூடு பட்டதால் அதையும் மென்பொருள் கோளாறு என்றே மூன்று மாதம் தேடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் 10 கிளிக் எண்ணிப் பார்த்தேன்: 7 வலம், 2 இடம், ஒன்றைக் காணோம். குமிழைக் கழற்றி, தண்டின் ஓரமாகக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து இரண்டு பக்கமும் சுற்றினேன். ஒரு மாதம் ஓடியது. மறுபடி தாவ ஆரம்பித்ததும் என்கோடரையே மாற்றிவிட்டேன். அந்த முறை ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது.