தெருப்பூனையும் பிள்ளைகள் விளையாடும் மணலும்

கேள்வி: வீடு கட்ட எங்கள் தெருவில் கொட்டியிருக்கும் மணலில் ஒரு தாய்ப்பூனையும் குட்டிகளும் மலம் கழிக்கின்றன. என் 4 வயது மகன் அங்கேதான் விளையாடுகிறான். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிறான். பூனையால் வந்த பூச்சி, விரட்டிவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விரட்டலாமா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: அந்த அரிப்புக்குப் பூனை காரணமில்லை. ராத்திரியில் ஆசனவாய் அரித்தால் பெரும்பாலும் கீரிப்பூச்சிதான், வெள்ளை நூல் மாதிரி இருக்கும், அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே தொற்றும். குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே மாத்திரை தருவார், 2 வாரம் கழித்து இன்னொரு முறையும் போடச் சொல்வார்.

ஆனால் மணலைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். பூனைக் குடலில் இருக்கும் டாக்சோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். வந்த உடனே தொற்றாது, 2 முதல் 4 வாரம் மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், அப்புறம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அதனால் மலம் கண்ணில் படவில்லை என்பதற்காக மணல் சுத்தம் என்று நினைக்காதீர்கள். மண் பட்ட கை வாய்க்குப் போனால் முட்டையும் போகும். நம் உடம்பில் அது வளர்ந்த புழுவாக ஆகாது, இளம்புழுவாகவே கல்லீரல், நுரையீரல் என்று அலையும், ஆகவே மலப் பரிசோதனையில் அகப்படாது. பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அபூர்வமாகக் கண்ணுக்குப் போய்விட்டால் பார்வையே போகலாம். பிள்ளைக்கு ஒரு கண் மங்கினாலோ மாறுகண் தெரிந்தாலோ தயவுசெய்து தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

பூனை மலத்தால் மணலில் சேரும் கொக்கிப்புழு வேறு வழியில் வரும். ஈர மணலில் வெறுங்காலோடு நின்றால் தோல் வழியாகவே நுழைந்து, நெளிநெளியாகச் சிவந்த கோடு போட்டு, தூங்கவிடாமல் அரிக்கும்.

பூனையை விரட்டினால் வேறொரு பூனை வரும், பழைய முட்டைகளும் மணலிலேயே கிடக்கும். மணலைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள், மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள், பிள்ளையை வேறு இடத்தில் செருப்போடு விளையாட விடுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். முடிந்தால் பூனைகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டிகளுக்குத் தாய்ப்பாலிலேயே புழு வந்துவிடும் என்பதால் 3 வார வயதிலேயே மருந்து தொடங்குவார்கள். எடை பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.