வாசகர் கேள்வி: அழிச்ச கயிறு

கே: மெக்சிகோ தொழிலாளிங்களுக்கு அமெரிக்காவுல நடந்த கொடுமையை கம்ப்யூட்டர் படமா, சினிமாவா செய்றாங்களாமே, அதுல ஒருத்தர் தூக்குல தொங்குறவங்களையே போட்டோவுல இருந்து அழிச்சுட்டாராம். அது கொடுமையை மறைக்கிறதுதானே?
— ஒரு வாசகர், பாலக்கோடு

ப: எனக்கும் முதல்ல அப்படித்தாங்க பட்டுச்சு. கென் கொன்சாலஸ்-டேங்கிற அமெரிக்க போட்டோ கலைஞர் செஞ்சது அது. கூட்டமா சேர்ந்து மெக்சிகோ வம்சாவளி ஆளுங்க, பூர்வகுடிங்க, சீனர்னு பலரை தூக்குல போட்டு அதை போட்டோ எடுத்து போஸ்ட்கார்டாவே வித்திருக்காங்க, அந்தப் படத்துல உடம்பையும் கயிறையும் மட்டும் இவர் எடுத்துட்டார், மிச்சம் மரமும் சுத்தி நிக்கிற கூட்டமும்தான், அப்ப நம்ம கண்ணு நேரா வேடிக்கை பார்த்தவன் மூஞ்சி மேல போய் நிக்குது. செத்தவரை மறுபடி காட்சிப்பொருளா ஆக்கவும் இல்ல. எனக்கு இது ரொம்ப சரின்னு படுது.

சினிமான்னா அலெக்ஸ் ரிவேராவோட 'ஸ்லீப் டீலர்' (2008) பாருங்க. அந்தக் கதையில மெக்சிகோவுல உக்காந்து உடம்புல வயர் மாட்டி அமெரிக்காவுல இருக்குற ரோபோவை ஓட்டுறாங்க, உழைப்பு வேணும் ஆள் வேணாம். அது கற்பனை, ஆனா மெக்சிகோ ஆளுங்களை தற்காலிக வேலைக்கு அமெரிக்கா கூட்டிட்டு வந்த 1942-64 பிராசெரோ திட்டத்துல, பண்ணை வேலைக்கு வந்தவங்களை எல்லையில நிறுத்தி மேல டிடிடி பூச்சிமருந்து பவுடர் அடிச்சது நிஜம். விடிகாலை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல பாயும் பையுமா பெங்களூரு கட்டட வேலைக்கு ஏறுற நம்மாளுங்களை பார்க்கிறப்பலாம் எனக்கு அந்த சினிமாதான் ஞாபகம் வருது.