வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்
பால்வினை நோய்கள்: வாசகர் கேள்விகள், மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: ஒன்றரை மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் ஒரே ஒரு புண் வந்தது. வலியே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பைப் போட்டேன், மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள். அரிப்பு இல்லை. உடம்புச் சூடு, விட்டால் போய்விடும் என்கிறார்கள். விடலாமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிபிலிஸ். ஊர்ப்பக்கம் மேகப்புண், கிரந்தி என்பார்களே, அதுதான். சூட்டினால் வரும் வேர்க்குரு உள்ளங்கையில் வராது. அரிக்காத புள்ளிகள் உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் வந்தால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த மருத்துவரும் உங்களை அனுப்பக் கூடாது.

சிபிலிஸ் கிருமி உடலுக்குள் புகுந்து 9 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், புகுந்த இடத்திலேயே புண் வரும். அடிப்பாகத்தை இரு விரலால் பிடித்தால், தோலுக்கடியில் சட்டைப் பொத்தான் இருப்பது போலக் கெட்டியாக இருக்கும். தொடை இடுக்கில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. களிம்பு போட்டாலும் போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் புண் தானே ஆறிவிடும். பெயர் களிம்புக்குப் போய்விடுகிறது. கிருமியோ அதற்குள் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவியிருக்கும். அடுத்த கட்டம்தான் உங்கள் உள்ளங்கையில் தெரிவது. இதுவும் சில வாரங்களில் மறைந்துவிடும். பிறகு பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் இருந்து இதயம், மூளை, கண் என்று போய் உட்காரும்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு. முதலாவது ஆர்.பி.ஆர் அல்லது வி.டி.ஆர்.எல். இரண்டாவது, அதை உறுதி செய்யும் டி.பி.ஹெச்.ஏ. ஆர்.பி.ஆர் முடிவை வெறும் ‘பாசிட்டிவ்’ என்று எழுதி வாங்காதீர்கள். 1:16, 1:32 என்று அளவு போட்டிருக்க வேண்டும். ரத்தத்தின் தெளிநீரை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் சோதனை அட்டையில் அதோடு கலக்கும் கரும்பொடி திரிதிரியாகத் திரண்டது என்பதற்கான கணக்கு அது. சிகிச்சை வேலை செய்ததா என்பதைப் பின்னால் இந்த எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. புள்ளிகள் வரும் கட்டத்தில், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தால், தெளிநீரை நீர்க்காமல் பார்க்கும்போது ‘நெகட்டிவ்’ என்று வந்து ஏமாற்றும். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால், நீர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தருவார்.

மருந்து பழையது, இன்றும் அதுதான் முதல்: பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், தசையில் ஊசி. ஒரு புட்டத்துக்கு 12 லட்சம் என்று பிரித்துப் போடுவார்கள். கலக்கினால் சுண்ணாம்புப் பால் போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் மருந்து. அதனால் ஊசி தடிமனானது, இரண்டு நாள் வலிக்கும். தொடக்கக் கட்டத்துக்கு ஒரே தடவை போதும். எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், ஒவ்வாமை வந்தால் உடனே பார்க்க வேண்டும். அன்று இரவு குளிரும் காய்ச்சலும் வந்து புள்ளிகள் இன்னும் சிவந்தால் பயப்படாதீர்கள். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கிவிடும்; பாராசிட்டமால் போதும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை இரண்டு வாரம் தரலாம், கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடாது.

ஆர்.பி.ஆரை 6 மாதத்திலும் ஓராண்டிலும் அதே ஆய்வகத்தில் திரும்ப எடுங்கள். 1:32 இருந்தது 1:8 அல்லது அதற்கும் கீழே வந்திருக்க வேண்டும். டி.பி.ஹெச்.ஏ பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யாராவது திரும்ப ஊசி போடச் சொன்னால் ஆர்.பி.ஆர் எண்ணைக் காட்டுங்கள். கூடவே எச்.ஐ.வி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கடந்த மாதங்களில் உங்களோடு உறவு கொண்டவரிடம் சொல்வது கடினம்தான். ஆனாலும் சொல்லுங்கள், அவருக்கும் அடையாளம் தெரியாமல் ஆறிய புண் இருந்திருக்கலாம்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். வி.டி.ஆர்.எல் 1:2 என்று வந்திருக்கிறது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கணவர் வர மறுக்கிறார்.
– ஒரு சகோதரி, விழுப்புரம்

பதில்: குறைந்த அளவில் வரும் வி.டி.ஆர்.எல் சில நேரம் பொய்யாகவும் இருக்கும். கர்ப்பம், வேறு நோய்கள் எல்லாம் அதற்குக் காரணமாகலாம். டி.பி.ஹெச்.ஏ எடுத்தால் தெரிந்துவிடும். அது பாசிட்டிவாக வந்து, முன்பு முறையாகச் சிகிச்சை எடுத்த சீட்டும் இல்லையென்றால், பென்சிலின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நஞ்சுக்கொடி வழியே சிபிலிஸ் கிருமி குழந்தைக்குப் போகும். வயிற்றிலேயே இறப்பதும், குறையோடு பிறப்பதும் அதனால்தான். மூன்றாம் மாதத்திலேயே தெரிந்தது நல்ல செய்தி, குழந்தையைக் காப்பாற்ற நேரம் நிறைய இருக்கிறது. கணவர் சிகிச்சை எடுக்காவிட்டால் உங்களுக்குத் திரும்பத் தொற்றும். ‘குழந்தைக்காக ஒரு ரத்தப் பரிசோதனை’ என்று மட்டும் சொல்லி அழைத்துப் போங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணையை மருத்துவமனையில் யாரும் நடத்தமாட்டார்கள். வீட்டிலும் இப்போது அது வேண்டாம்.

கேள்வி: சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், மஞ்சளாகச் சீழ். அஜித்ரோமைசின் 500 மூன்று நாள் போட்டேன், நின்றது. பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. மனைவிக்கு எதுவும் இல்லை.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வெட்டை எனப்படும் கொனோரியாவாக இருக்கலாம், கிளமிடியாவாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கொனோரியா 2 முதல் 7 நாளில் கெட்டிச் சீழோடு வரும். கிளமிடியா 1 முதல் 3 வாரத்தில் மெல்லிய கசிவாக வரும். கொனோரியா கிருமி பல மருந்துகளுக்குப் பழகிவிட்டது. அஜித்ரோமைசினை மட்டும் போட்டால் பாதி அடங்கித் திரும்ப எழும்.

மாத்திரை போடுவதற்கு முன்பே சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டும். இரட்டைப் பயறு போல ஜோடி ஜோடியாகக் கிருமிகள் சீழ் அணுக்களுக்குள் தெரிந்தால் கொனோரியா. சிறுநீரில் மரபணுப் பரிசோதனை செய்வதென்றால், ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமல், முதலில் வரும் 20, 30 மி.லி.யைப் பிடியுங்கள். நடுவில் வருவதைப் பிடிக்கும் வழக்கம் இதற்கு உதவாது.

சிகிச்சை பொதுவாக செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஒன்று, கூடவே டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை 7 நாள். அரசு மருத்துவமனையில் செஃபிக்ஸிம் 400 மி.கி., அஜித்ரோமைசின் 1 கிராம் கொண்ட சாம்பல் நிறப் பொட்டலம் தருவார்கள். மனைவிக்கு ‘எதுவும் இல்லை’ என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெண்களில் பெரும்பாலோருக்குக் கிளமிடியா அறிகுறியே காட்டாது, கருக்குழாய் அடைத்த பிறகுதான் தெரியும். இருவரும் சேர்ந்து சிகிச்சை எடுத்து முடித்து, ஏழு நாள் உறவு இல்லாமல் இருங்கள். சீழ் நின்றதா என்று தினமும் அழுத்திப் பிழிந்து பார்ப்பதையும் நிறுத்துங்கள். பிழிவதாலேயே சிறுநீர்க்குழாய் புண்ணாகி நீர் கசியும்.

கேள்வி: வெள்ளைப்படுகிறது, அரிப்பு வேறு. கணவர் மீது சந்தேகமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: சந்தேகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் காரணத்தைப் பார்ப்போம். தயிர்த்திரி போல வெள்ளை, கடும் அரிப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் வாடையோடு மெல்லிய சாம்பல் நிறத்தில் படிந்தால் பாக்டீரியா சமநிலை குலைந்திருக்கிறது. இவை இரண்டையும் பால்வினை நோயில் சேர்ப்பதில்லை. நுரையோடு மஞ்சள் பச்சையாக வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. காலை மாலை 7 நாள், கணவருக்கும் சேர்த்து. அறிகுறிகள் கலந்தும் வருவதால் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வதே சரி. பூஞ்சை அடிக்கடி வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். டெட்டால், சோப்பு, எலுமிச்சைச் சாறு என்று எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். அங்கே நன்மை செய்யும் கிருமிகள் அழிந்து தொந்தரவு கூடும்.

கேள்வி: ஆணுறை கிழிந்து 15 நாள் ஆகிறது. எச்.ஐ.வி டெஸ்ட் நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?
– ஒரு மாணவர், கோவை

பதில்: இன்னும் இல்லை. ஆன்டிஜென் (கிருமியின் புரதம்), ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் பொருள்) இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனையை 45 நாளில் எடுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை என்றால் 3 மாதத்தில். அதுவரை ஆணுறை அவசியம், ரத்த தானம் வேண்டாம். இனி ஒரு முறை இப்படி நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் மாத்திரையால் தொற்றைத் தடுக்க முடியும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசுங்கள்.

கேள்வி: ஆணுறுப்பு மொட்டின் விளிம்பில் வரிசையாகச் சிறு வெள்ளைப் பருக்கள். பல வருடமாக அப்படியே இருக்கின்றன. பால்வினை மருவா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் இல்லை. வலி, அரிப்பு இல்லாமல், ஒரே அளவில், வரிசையாக, வருடக்கணக்கில் மாறாமல் இருப்பவை இயற்கையான தோல் அமைப்பு. பல ஆண்களுக்கு உண்டு. பால்வினை மரு ஒழுங்கில்லாமல் காலிஃபிளவர் போலப் பெருகும். நூல் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது எதுவும் வேண்டாம்.