ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய்ப் பாருங்கள்: விளையாட்டு மேலாண்மை கேள்வி பதில்

கேள்வி: விளையாட்டு மேலாண்மை படிக்கும் 36 மாணவர்களை ஒரு ஸ்டேடியத்துக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என்னுடையது. சென்ற முறை உடைமாற்றும் அறையையும் கோப்பைகளையும் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இந்த முறை உருப்படியாக என்ன செய்யலாம்? (ஒரு பேராசிரியர்)

நீங்கள் போய்வந்தது ரசிகர்களுக்கான சுற்று. அதை நடத்துகிறவர்கள் ரசிகருக்குப் பிடித்ததைத்தான் காட்டுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை. இந்த முறை கடிதத்தை ஆபரேஷன்ஸ் மேலாளர் பெயருக்கு எழுதுங்கள், ஆறு வாரமாவது முன்கூட்டி. ‘பார்வையிட அனுமதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அது திரும்பவும் வரவேற்புப் பிரிவுக்கே போய்ச் சேரும். நுழைவாயில், கண்ட்ரோல் ரூம், சரக்கு இறக்கும் இடம், முதலுதவி அறை, புல்தரைக் கருவிகள் வைக்கும் கொட்டகை என்று இடங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாளைக் கேட்டு வாங்குங்கள். ஆட்ட நாளில் பேச யாருக்கும் நேரமிருக்காது. ஆட்டமே இல்லாத வாரத்தில் காலி நாற்காலிகளைத் தவிரப் பார்க்க எதுவும் இருக்காது. முந்தைய நாளில்தான் ஒளிபரப்புக்காரர்கள் கேபிள் இழுப்பார்கள், விளம்பரப் பலகைகள் ஏறும், டிக்கெட் ஸ்கேனர்களைச் சோதிப்பார்கள், எந்த வாயிலுக்கு எத்தனை ஆள் என்று பிரிப்பார்கள்.

36 பேரும் ஒன்றாகப் போனால் முன்னால் நிற்கிற எட்டுப் பேருக்குத்தான் காது கேட்கும். பன்னிரண்டு பேர் வீதம் மூன்று குழுவாக்கி, ஒவ்வொன்றையும் வேறு இடத்தில் தொடங்கி, 25 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடிய ஷூ கட்டாயம். புல்தரையில் கால் வைக்கக்கூடாது. கண்ட்ரோல் ரூமில் படம் எடுக்கக்கூடாது: எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் அந்தப் படத்தில் பதிந்துவிடும். இதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மாணவர் மீறினால் அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரிக்கே கதவு திறக்காது.

கேள்வி: நுழைவாயிலில் மாணவர்கள் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது? ஆள் வருகிறார், டிக்கெட்டைக் காட்டுகிறார், உள்ளே போகிறார். அவ்வளவுதானே?

இந்தத் தொழிலில் பாதிக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனின் விளையாட்டு மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, சுழல்கதவு ஒன்றில் மணிக்கு 660 பேர் என்பதை உச்சவரம்பாக வைக்கிறது. அதாவது ஒருவருக்கு ஐந்தரை விநாடி. 13,200 டிக்கெட் விற்ற ஆட்டத்தில் 60 சதவீதம் பேர் கடைசி ஒரு மணி நேரத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம்: 7,920 பேர். 660ஆல் வகுத்தால் 12 கதவு போதும் என்று வரும்.

இப்போது மாணவர்களையே கூட்டமாக்குங்கள். ஸ்கேனர் சோதனை நடக்கும்போது அனுமதி பெற்று, பன்னிரண்டு பேரை முதுகுப்பையோடு வரிசையில் விட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். ஒருவருடைய போன் திரை மங்கலாக இருக்கும், ஒருவர் பைக்குள் டிக்கெட்டைத் தேடுவார், இன்னொருவர் நான்கு பேருக்கான டிக்கெட்டைத் தானே வைத்திருப்பார். ஆளுக்கு ஏழரை விநாடி ஆகிறது என்றால் மணிக்கு 480 பேர்தான். அதே 12 கதவில் 5,760 பேர் உள்ளே போயிருப்பார்கள். ஆட்டம் தொடங்கும்போது 2,160 பேர் வெளியே நிற்பார்கள். இரண்டு விநாடி வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். பை சோதனையைக் கதவுக்கு வெகு முன்னாலேயே முடித்துவிடுவது ஏன் என்று அதன்பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

வெளியே சேரும் நெரிசல் வெளியோடு நிற்பதில்லை. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து ஸ்டேடியத்தில் வெளிப்புற நெருக்கடியைத் தணிக்க வெளியேறும் வாயில் ஒன்றைத் திறந்தார்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப் பார்வையாளர் பகுதிக்குப் போகும் சுரங்கப்பாதையை மூடவில்லை. வந்த கூட்டம் நேராக அதற்குள் போனது. 97 உயிர்கள் போயின. கண்ட்ரோல் ரூமில் நிற்கும்போது கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: ‘வெளியே அழுத்தம் கூடினால், உள்ளே எந்தப் பகுதி நிரம்பியிருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?’ நல்ல மேலாளர் ஒரே ஆளின் பொறுப்பைச் சொல்லி, திரையில் எண்ணிக்கையைக் காட்டுவார். ‘எல்லோரும் கலந்து முடிவெடுப்போம்’ என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் வழியையும் ஒரு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அதே வழிகாட்டியின்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 1.2 மீட்டர் பாதை எட்டு நிமிடத்தில் சமதளத்தில் 787 பேரை வெளியேற்றும், படிக்கட்டானால் 633தான்.

கேள்வி: எங்கள் மன்றத்தில் பேச ஒரு முன்னாள் வீரரை அழைத்தோம். அரங்கு நிறைந்தது, கைதட்டல் ஓயவில்லை. ஆனால் வேலைகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. யாரை அழைக்கலாம்? (மாணவர் மன்றச் செயலர்)

வீரர் தனக்குத் தெரிந்ததைத்தான் பேசுவார். தலைமை நிர்வாகியும் சரிப்பட மாட்டார். அடிமட்ட வேலையை விட்டு அவர் விலகி நெடுநாள் ஆகியிருக்கும். மூன்று முதல் ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவர்களைத் தேடுங்கள்: டிக்கெட் விற்பனை, ஸ்பான்சர் சேவை, புல்தரைப் பராமரிப்பு, போட்டி ஒருங்கிணைப்பு, தரவுப் பகுப்பாய்வு, வீரர் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர். வேலைக்குச் சேர்ந்த கதை இன்னும் பழசாகாதவர்கள் இவர்கள்தான்.

ஒரே மேடையில் நலன் முரண்படும் இருவரை உட்கார வைத்துப் பாருங்கள். புல் ஊன்றி எழ நாள் வேண்டும் என்பார் தரைப் பராமரிப்பாளர். அதே நாளை இசை நிகழ்ச்சிக்கு விற்றாகவேண்டும் என்பார் அரங்க முன்பதிவு செய்பவர். மேடைக்கு அடியில் வெளிச்சமில்லாமல் புல் வெளிறுவதும், கனத்த வண்டி ஏறி மண் இறுகித் தண்ணீர் தேங்குவதும் அந்த அரைமணி வாக்குவாதத்தில் தானாக வந்துவிடும்.

ஒரு வாரம் முன்பே கேள்விகளை அனுப்புங்கள். பேச்சு 20 நிமிடம், கேள்வி 40 நிமிடம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் அளவு தலைகீழாகும். அவர் தினமும் கையாளும் ஒரு தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: நிமிட வாரியான நிகழ்ச்சி நிரலோ, ஸ்பான்சருக்குத் தரவேண்டியவற்றின் பட்டியலோ. பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். 40 படங்கள் ஓட்டும் ஸ்லைடுகளைவிட அந்த ஒரு தாள் மேல்.

‘வெற்றியின் ரகசியம் என்ன?’ என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘போன வாரத்தில் எத்தனை மணி நேரம் கணினி முன்னால், எத்தனை மணி நேரம் மைதானத்தில்?’, ‘உங்கள் இடத்துக்கு வந்தவர்கள் ஏன் விலகுகிறார்கள்?’, ‘சீசன் முடிந்தபின் ஒப்பந்தம் தொடருமா?’ என்று கேளுங்கள். சம்பளத்தை நேராகக் கேட்டால் சங்கடப்படுவார்கள். புதிதாகச் சேருகிறவருக்கு எந்த அளவில் தொடங்கும் என்று கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: ஒரு சர்வதேசப் போட்டிக்கு முன் அரங்கிலிருந்த கை உலர்த்தும் இயந்திரத்தின் பெயரைக்கூட டேப் ஒட்டி மறைத்தார்கள். வேடிக்கையாக இருந்தது. எதற்கு?

போட்டியின் ஸ்பான்சர்கள் வாங்குவது பிரத்யேக உரிமை. அவர்கள் காசு கொடுத்த இடத்தில் காசு கொடுக்காத பெயர் தெரியக்கூடாது என்பது ஒப்பந்தம். 2006 உலகக் கோப்பைக் கால்பந்தில் மியூனிக் அலியான்ஸ் அரினா தன் பெயரையே விட்டுவிட்டு, வெறும் ‘உலகக் கோப்பை ஸ்டேடியம்’ ஆனது. டேப் ஒட்டியவர் அநேகமாக உங்கள் வயது இன்டர்ன்தான். ஸ்பான்சர் சேவையில் முதல் வேலை அப்படித்தான் தொடங்கும்.

கேள்வி: எனக்கு எந்த விளையாட்டும் ஒழுங்காக வராது. இந்தத் துறை ஒத்துவருமா?

வரும். 1966இல் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இதற்கென முதுகலைப் படிப்பு தொடங்கியது. அதற்கு விதை போட்ட வால்டர் ஓ’மாலி பேஸ்பால் அணியின் உரிமையாளர், படிப்பால் வழக்கறிஞர். அணியை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதுதான் அவர் கவலை. விளையாட வராதது குறையில்லை. ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால்தான் சிக்கல்: ஆட்ட நாளில் பணியாளர்கள் பெரும்பாலும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள்.

கேள்வி: எங்களுக்குப் பக்கத்தில் பெரிய ஸ்டேடியம் எதுவும் இல்லை. என்ன செய்வது?

நீச்சல்குளம் இருந்தால் அதன் இயந்திர அறைக்குப் போங்கள். 50க்கு 25 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். வடிகட்டி எப்போது பின்னோட்டத்தில் கழுவப்படுகிறது, குளோரின் அளவை யார் எத்தனை மணிக்குக் குறிக்கிறார் என்று பதிவேட்டைப் பாருங்கள். எல்லா வரியும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ஒரே எண்ணோடு இருந்தால் ஒரே மூச்சில் எழுதியது என்று சந்தேகப்படலாம்.

சாலை ஓட்டப் போட்டி இன்னும் எளிது. தூரத்தைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய எண்ணும் கருவியால், ஓடுகிறவர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவின் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டுவார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர். அளப்பவரோடு அதிகாலையில் போக இடம் கேளுங்கள்.

கேள்வி: வகுப்போடு ஒரு ஸ்டேடியத்தைப் பார்வையிட்டபின் அதன் மேலாளருக்கு என் பயோடேட்டாவை அனுப்பினேன். பதிலே இல்லை. (இறுதியாண்டு மாணவி)

அன்று உங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் அதையே அனுப்பியிருப்பார்கள். இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லி நான்கு வரி எழுதுங்கள். அதில் ஒரு வரி அவர் சொன்ன குறிப்பிட்ட விஷயமாக இருக்கட்டும். வேலை கேட்காதீர்கள். அடுத்த ஆட்டத்தில் கேட் திறப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து, கடைசி ஆள் போய்க் குப்பை அள்ளி முடியும்வரை ஒரு பிரிவோடு நிற்க அனுமதி கேளுங்கள். பிரிவின் பெயரை நீங்களே சொல்லுங்கள், ‘எதுவானாலும் சரி’ என்று எழுதினால் யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.